கால்சியம் சேனலுக்கு லென்டிவைரல் குளோன்: எதை வாங்கலாம், பயப்பட வேண்டுமா?

டர்பனில் முதுகலை ஆய்வு செய்கிறீர்கள், மனிதக் கால்சியம் சேனல் (செல்லுக்குள் கால்சியத்தை விடும் புரத வாசல்) ஜீன் ஒன்றை லென்டிவைரல் குளோனாக (லென்டிவைரஸ் வழியாகச் செல்லுக்குள் ஏற்றத் தயாரான டிஎன்ஏ நகலாக) வாங்கச் சொல்லியிருக்கிறார்கள், எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். இது ஹெச்ஐவியிலிருந்து வந்தது என்று கேள்விப்பட்டு அம்மா பயப்படுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அம்மாவின் பயம். நம் குவாசுலு-நட்டாலில் அந்தப் பெயரைக் கேட்டு யாரும் சும்மா இருக்க முடியாது, அதனால் அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்: வரப்போவது வைரஸே இல்லை, குழாயின் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் துளி டிஎன்ஏ, அவ்வளவுதான். (மூடியைத் திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் ஒருமுறை சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மூடியோடு போய்விடும்.) துணைப் பிளாஸ்மிட்களையும் (பிளாஸ்மிட் என்பது வட்ட டிஎன்ஏ) சேர்த்து 293டி என்ற ஆய்வக மனித செல்லுக்குள் போட்டால்தான் வைரஸ் துகளே உண்டாகும். மூன்றாம் தலைமுறை முறையில் மொத்தம் 4 பிளாஸ்மிட். ஹெச்ஐவியின் டாட், நெஃப் ஜீன்கள் அதில் கிடையாது, உறைப் புரதமும் விஎஸ்வி என்ற கால்நடை வைரஸுடையது. ஒரு செல்லுக்குள் நுழைந்து ஜீனைப் பதித்துவிடும், அங்கிருந்து பெருகிப் பரவாது. ஆனால் மனித செல்லிலும் பதியும் என்பதால் ஊசி, உடைந்த கண்ணாடி பக்கத்திலேயே இருக்கக் கூடாது. பாதுகாப்பு நிலை 2 ஆய்வகம் வேண்டும். நம் நாட்டில் 1997ஆம் ஆண்டின் மரபணு மாற்ற உயிரினச் சட்டம் இருக்கிறது, ஆர்டர் போடும் முன்பே பல்கலைக்கழக உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் பேசிவிடுங்கள்.

சரி, எந்த ஜீன்? எல்லாரும் முதலில் காக்னா1சி-யைத்தான் கேட்பார்கள், இதயத்தின் காவ்1.2 சேனலின் ஆல்ஃபா1, அதாவது கால்சியம் போகும் துளையை அமைக்கும் முதன்மைப் புரதம், அது, வீட்டுப் பெரியவர்கள் பிரஷருக்குப் போடும் அம்லோடிபின் பிடிப்பதும் அதைத்தான். ஆனால் அதன் குறியீட்டுப் பகுதியே ஏறக்குறைய 6,500 டிஎன்ஏ எழுத்து. லென்டிவைரஸ் மொத்தமாகவே 9,000 சொச்சம் எழுத்தைத்தான் நன்றாகச் சுமக்கும், அதற்குள் புரமோட்டர் (ஜீனை இயக்கும் பகுதி), பியூரோமைசின் எதிர்ப்பு ஜீன் (டிஎன்ஏ ஏறிய செல்களை மட்டும் பிழைக்க வைப்பது) எல்லாம் வேறு உட்கார வேண்டும். அதைத் தாண்டினால் கிடைக்கும் வைரஸின் அளவு படுத்துவிடும். பாக்டீரியாவில் வளர்க்கும்போதே இந்த ஜீனின் வரிசை குலைந்துவிடுவதும் உண்டு, 30 டிகிரியில் மெதுவாக வளர்த்து, முழு வரிசையையும் படித்துப் பார்த்தால்தான் நம்பலாம்.

என்னைக் கேட்டால் அதே சேனலின் துணைப் புரதமான பீட்டா2-ஐ வாங்குங்கள். 2,000 எழுத்துக்குள் அடங்கும், தாராளமாக ஏறும். ஆல்ஃபா1-ஐச் செல்லின் மேல்சவ்வுக்குக் கொண்டுவருவதே பீட்டாதான், அது இல்லாமல் மின்னோட்டம் சொற்பமாகத்தான் வரும், ஆகவே ஒரு முதுகலைக்கு வேண்டிய கேள்வி அதிலேயே இருக்கிறது. ஆல்ஃபா1-ஐச் சாதாரண பிளாஸ்மிட்டாகவே உள்ளே போட்டுக்கொள்ளலாம்.

மற்றொரு துணைப் புரதமான ஆல்ஃபா2டெல்டா வேண்டுமென்றால் (நரம்பு வலி மருந்து காபாபென்டின் ஒட்டுவது அதில்) டேக் (புரதத்தை அடையாளம் காணச் சேர்க்கும் சிறு துண்டு) எங்கே என்று கட்டாயம் பாருங்கள். ரெடிமேட் குளோன்களில் பெரும்பாலும் புரதத்தின் கடைசி முனையில்தான் டேக் வைப்பார்கள். இந்தப் புரதத்திலோ அந்த முனையைச் செல்லே வெட்டிவிட்டு, அங்கே ஒரு கொழுப்புக் கொக்கியை மாட்டிச் சவ்வில் நிறுத்துகிறது. வெட்டுப்படும் துண்டோடு உங்கள் டேக்கும் போய்விடும், டேக்கைப் பிடிக்கும் ஆன்டிபாடி போட்டால் வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதத்தைப் பட்டையாகக் காட்டும் சோதனை) பட்டையே வராது. முதல் முனையிலும் வெட்டுப்படும் சிக்னல் இருக்கிறது. நடுவில் டேக் வைத்த குளோனாகக் கேளுங்கள், இல்லை டேக்கே இல்லாததை வாங்கிப் புரதத்தின் ஆன்டிபாடியையே பயன்படுத்துங்கள்.

வைரஸ் செய்ததும் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள், ஒவ்வொரு தடவை உருகி உறையும்போதும் வீரியம் குறையும். மின்வெட்டு நேரத்தில் அந்த ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் லைன் இருக்கிறதா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.