ஒரு நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்தா?

கேள்வி: பொகவந்தலாவைக்கு அருகே தோட்டத்துப் பிள்ளை மடுவமொன்றில் வேலை செய்கிறேன். சிங்களம் ஓரளவு பேசுவேன். வாசிக்கத் தெரியாததால் ஆஸ்பத்திரியிலும் பிரதேச செயலகத்திலும் படிவம் நிரப்ப யாரையாவது தேட வேண்டியிருக்கிறது. தினமும் ஒரு மணித்தியாலம் படிப்பதென்று மூன்று தடவை கொப்பி வாங்கித் தொடங்கினேன். மூன்று தடவையும் பத்துப் பன்னிரண்டு நாளில் நின்றுவிட்டது. 21 நாட்கள் விடாமல் செய்தால்தான் பழக்கமாகும், ஒரு நாள் தவறினாலும் முதலிலிருந்து எண்ண வேண்டும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இரண்டும் உண்மையல்ல. முகத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் தமது புதிய தோற்றத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாட்களாவது ஆகிறது என்று மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1960இல் எழுதினார். அது வாய்மாறி வரும்போது ‘குறைந்தது’ என்ற சொல் உதிர்ந்து, எல்லாப் பழக்கத்துக்கும் பொதுவான கணக்காகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கொண்டு 84 நாட்கள் நடத்தி, 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாட்களாக இருந்தது. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 வரை வேறுபட்டது (254 என்பது அளந்ததல்ல, கணித்தது). ஒரு தடவை தவறியவர்களின் பழக்கம் அதனால் குறிப்பிடும்படி பின்தங்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே பன்னிரண்டாம் நாளில் உங்களை நிறுத்தியது அந்தத் தவறிய நாளைவிட, எல்லாம் போய்விட்டது என்ற எண்ணமே என நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் அந்த ஒரு மணித்தியாலம். விடியுமுன் எழுந்து, தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, மலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளைக் கொண்டுவரும் முன்பே மடுவத்தைத் திறக்க வேண்டிய ஒருவர், நல்ல நாளில் மட்டுமே அந்த நேரத்தைக் கண்டெடுக்க முடியும். எவ்வளவு மோசமான நாளிலும் செய்யக்கூடியதே பழக்கமாகும். அதிகாலை நான்கு மணிக்கு அலாரம் வைக்கும்படி பலர் சொல்வார்கள். உறக்கத்தைக் கடன் வாங்கும் அந்த யோசனையை நான் ஏற்பதில்லை.

கடிகார நேரத்துக்குப் பதிலாக, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு இதைச் சேர்த்துக் கட்டுங்கள். காலையில் அடுப்பில் கேத்தலை வைத்ததும், தேத்தண்ணிக்கு நீர் கொதிக்கும் வரை ஒரே ஒரு சொல்லை மூன்று தடவை எழுதுங்கள். ஈரமும் புகையும் படாமல் கொப்பியையும் பேனையையும் ஒரு பிளாஸ்டிக் பையிலிட்டு, அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி, கேத்தலை வைக்கும்போது கண்ணில் படும்படி ஆணியில் மாட்டிவிடுங்கள். பெட்டிக்குள் வைத்த கொப்பியைத் தேடி எடுப்பதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதைவிட, உங்களுக்குத் தேவையான படிவத்திலிருந்தே தொடங்கலாம்: ‘நம’ பெயர், ‘லிபினய’ முகவரி, ‘அத்சன’ கையொப்பம். முதல் சொல்லுக்கு இரண்டே எழுத்து. எழுதிய சொல்லை அன்றே பஸ் பலகையிலோ மருந்து உறையிலோ தேடிப் பார்த்தால் அது மனதில் தங்கும்.

பழக்கமாகப் போவது கொப்பியைத் திறப்பது மட்டும்தான் என்பதையும் கவனியுங்கள். மொழி படிப்பது கடைசிவரை முயற்சி கேட்கும் வேலையாகவே இருக்கும். எனவே கொப்பி தானாகக் கைக்கு வரும் வரை, ஏறத்தாழ மூன்று மாதங்கள், உற்சாகம் வந்தாலும் கட்டாய அளவைக் கூட்டாதீர்கள். கூடுதலாக எழுத விரும்பும் நாளில் எழுதுங்கள், ஆனால் அதை மறுநாளுக்கான கடனாக்க வேண்டாம்.

ஊர்த் திருவிழாவுக்குப் போய்த் தங்கும் வாரத்திலும், கொழும்பில் உறவினர் வீட்டில் தங்கும் நாட்களிலும் இது நின்றுபோகக்கூடும், ஏனெனில் பழக்கத்தைத் தட்டியெழுப்பும் அந்த அடுப்பு அங்கே இல்லை. அதற்காக வருந்தி, வந்த பிறகு விட்ட சொற்களையெல்லாம் ஒரே நாளில் எழுதி முடிக்கப் பார்க்காமல், திரும்பிய மறுநாள் காலை கேத்தலை வைத்துவிட்டு அன்றைய ஒரு சொல்லை மட்டும் எழுதுங்கள்.