கொடைக்கானலில் கேக் நடுவில் அமுங்குவது ஏன்? அமுங்கியதை என்ன செய்யலாம்?

கேக் அமுங்குவது என்றால், உப்பி எழுந்த கேக் முழுதாக வேகும் முன்பே நடுவில் குழிந்துவிடுவது. மதுரையில் பிசகாத செய்முறை கொடைக்கானலில் காலை வாருவதற்குக் காரணம் காற்றழுத்தம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மலையேறியதும் புடைத்து நிற்கிறதல்லவா? பேக்கிங் பவுடர் உண்டாக்கும் வாயுவும் அப்படித்தான் மிதமிஞ்சி விரிகிறது. மாவும் முட்டையும் இறுகுவதற்குள் குமிழிகள் உடைந்துவிடுகின்றன. அடுத்த முறை பேக்கிங் பவுடரைக் கால் பங்கு குறையுங்கள். சர்க்கரையையும் சற்றுக் குறைக்கலாம்.

அமுங்கியதை எறிய வேண்டாம். ஆறியபின் துண்டுகளாக்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் பரப்பி, பழச்சாறு தெளித்து, மேலே கெட்டியான கஸ்டர்டும் நறுக்கிய பிளம்ஸோ பேரிக்காயோ அடுக்கிக் குளிரவைத்தால் அது டிரைஃபிள் புட்டிங். பஞ்சுபோன்ற கேக் கஸ்டர்டில் கூழாகிவிடும்; சற்றே இறுகிய இந்தக் கேக்தான் இதற்குத் தோது என்பேன். வேகாத பச்சை மாவு இருந்தால் மட்டும் வெட்டி நீக்குங்கள்.

மலைக்குளிரால்தான் கேக் எழவில்லை என்று நினைத்துப் பலர் பேக்கிங் பவுடரைக் கூட்டுகிறார்கள். கூட்டினால் குழி இன்னும் ஆழமாகும்.