வீட்டில் செய்யும் அனலாக் சிந்தசைசருக்கு எந்த ஆசிலேட்டர் சிப் (ஒலி அலையை உண்டாக்கும் சிப்) வாங்கலாம்? 555 டைமர் சிப் போதுமா?

மெட்டு வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 555 போதாது. சுருதிப் பெட்டிபோல ஒரே சுரம் நின்று ஒலித்தால் போதும் என்றால் சிடி40106 வாங்குங்கள். உள்ளே ஆறு ஷ்மிட் இன்வெர்ட்டர்கள், அதாவது உள்ளே வரும் சிக்னலைத் தலைகீழாக்கும் சுற்றுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்த்தால் ஆறு சதுர அலைகள் தயார். வோல்ட்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் மட்டும் அவசியம், ஏனென்றால் சப்ளை வோல்ட்டேஜ் அசைந்தால் சுருதியும் அசையும்.

கீபோர்டு என்று வந்துவிட்டால் கணக்கே வேறு. ஒரு வோல்ட் கூடினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். அரைச்சுரத்துக்குச் சுமார் 83 மில்லிவோல்ட். இந்த வேலையை ஒரு டிரான்சிஸ்டர் ஜோடி செய்கிறது. ஆனால் ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி என்ற அதன் அளவு, வெப்பம் ஒரு டிகிரி மாறினால் 0.33 சதவீதம் மாறும். ஐந்து ஸ்தாயி தள்ளி வாசித்தால், ஒரே டிகிரியில் அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிசகிவிடும். நம் ஊர்க் கோயில் கொடையில் மதியம் தகரக் கூரையடியில் சுருதி சேர்த்துவிட்டு இரவில் வாசித்துப் பாருங்கள், புரியும்.

ஆகவே என் பரிந்துரை 3340 வகைதான். டக் கர்ட்டிஸ் வடிவமைத்த சிஇஎம்3340, 1980இல் வந்த பிராஃபெட்-5 சிந்தசைசரின் மூன்றாம் பதிப்பில் இருந்தது. வெப்ப ஈடு சிப்புக்குள்ளேயே உண்டு; முக்கோணம், ரம்பம், பல்ஸ் மூன்று அலையும் கிடைக்கும். பழைய சரக்கைத் தேடி அலைய வேண்டாம், போலிகள் நிறைய. லாட்வியாவில் தயாராகும் ஏஎஸ்3340 போதும். சிப்பின் மூன்றாம் காலுக்கு (பின்) மைனஸ் 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்காதீர்கள்; இடையில் ரெசிஸ்டர் வேண்டும். எல்எம்13700 என்ற ஆம்ப்ளிஃபயர் சிப்பை வைத்தும் ஆசிலேட்டர் கட்டலாம். கற்றுக்கொள்ள நல்லது, சுருதி நிற்க வைப்பது பெரும்பாடு.

சிப்பைவிட இங்கே அதிகம் தொல்லை தருவது ஈரம். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, குளச்சல் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேரும். கீழ்ஸ்தாயியில் 3340இன் பதினோராம் காலில் உள்ள கெப்பாசிட்டரை நிரப்பும் மின்னோட்டம் சில நூறு நானோஆம்பியர்தான். போர்டில் மிஞ்சிய பிளக்ஸ் (சால்டர் ஒட்டுவதற்கான பசை) ஈரத்தை இழுத்து அதில் கசிவு உண்டாக்கினால் கீழ்ச்சுரங்கள் அலையத் தொடங்கும். சால்டர் செய்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாக உலர்த்திவிடுங்கள். அந்தக் கெப்பாசிட்டர் பாலிஸ்டைரீன் அல்லது வெப்பத்துக்கு அதிகம் மாறாத சி0ஜி செராமிக் வகையாக இருக்கட்டும்; சாதாரண செராமிக் வேண்டாம். சாக்கெட்டும் துருப்பிடிக்காத நல்ல ரகமாக வாங்குங்கள்.

வாங்கும்போது இரண்டு சிப்பாக வாங்கிவிடுங்கள். இரண்டு ஆசிலேட்டரையும் இம்மியளவு விலக்கி ஒலிக்கவிட்டால் வரும் அடர்த்தி ஒன்றில் வராது.