கேள்வி – பதில்: பட்டப்படிப்பாக நடனமும் நாடகமும்

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் பரதநாட்டியத்தையோ நாடகத்தையோ கல்லூரியில் படிக்க விரும்புகிறாள். அவளுக்கு மேடைப் பேச்சிலும் ஆர்வம் உண்டு. அனுப்பலாமா?
– ஒரு தாய், விருத்தாசலம்

பதில்: தாராளமாக அனுப்புங்கள், அம்மா. ஆனால் எந்த நிறுவனம் என்பதை மகளோடு நேரில் சென்று பார்த்து முடிவு செய்யுங்கள். உங்கள் ஊருக்கு அருகில் சிதம்பரத்திலேயே, 1929-இல் தொடங்கப்பட்ட இசைக் கல்லூரியின் வழிவந்த அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறை இருக்கிறது. சென்னையில், ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் நிறுவிய கலாக்ஷேத்திராவில் நடனத்துக்கு நான்காண்டு டிப்ளமா உண்டு. நாடகத்துக்குப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலான நிகழ்கலைப் பள்ளியை விசாரியுங்கள்.

நடன வகுப்பு ஒன்றை ஒரு மணி நேரமாவது அமர்ந்து பாருங்கள். ஆசிரியர் தட்டுக்கழியால் தட்டுமனையில் தாளம் போட, முழங்கால்களை மடக்கிய அரைமண்டியில் நின்றபடி, அடவு எனப்படும் ஒரே அடிப்படை அசைவை மூன்று காலங்களிலும், அதாவது மூன்று வேகங்களிலும், திரும்பத் திரும்பச் செய்யும் மாணவிகளின் முழங்கால் நடுக்கத்தை உங்கள் மகள் கண்டும் அவள் விருப்பம் குறையாவிட்டால், தயங்காதீர்கள்.

மேடைப் பேச்சுக்குத் தனிப் பட்டம் தேவையில்லை. அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்து, கடைசி வரிசைக்கும் சொல்லின் ஈற்றெழுத்து கேட்கும்படி வசனம் பேசும் நாடகப் பயிற்சியே அதைக் கற்றுத்தரும். ஆசிரியப் பணி அவள் எண்ணத்தில் இருந்தால், டிப்ளமாவா பட்டமா என்பதைச் சேருமுன்பே கேட்டறியுங்கள்.