பார்ட்ஸ் மாத்தினதும் முன் டிஸ்க் உரசுதா? கேட்டவங்களுக்கு என் பதில்

பைக்கோட முன் டிஸ்க் பிரேக் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்ததுல பாதி ஒரே புலம்பல்தான், ஏதோ மாத்தினோம், அதுலேர்ந்து உரசுதுன்னு.

வேளச்சேரிலேர்ந்து ஒரு தம்பி: அண்ணா, முன் வீல் பேரிங் மாத்தினதுக்கப்புறம் டிஸ்க், காலிப்பர் (பிரேக் பேட்ட வெச்சு டிஸ்க கவ்வுற பாகம்) மாட்டியிருக்கற ப்ராக்கெட்ல ஒரு பக்கமா போய் உரசுது. வாஷர் போட்டு காலிப்பர தள்ளி வெச்சிடலாம்ங்கறாரு மெக்கானிக்.

வேணாம் தம்பி, தயவுசெஞ்சு வாஷர் போட விடாத. பேரிங் மாத்துறதுக்கு முன்னாடி அதே காலிப்பர் அதே எடத்துல ஒழுங்காத்தான இருந்துது, அப்ப நகர்ந்தது காலிப்பர் இல்ல, வீலு. ஆக்ஸில (வீல் நடுவுல போற கம்பி) உருவிட்டு மொதல்ல ரெண்டு பக்க ஸ்பேசரையும் (வீல் ரெண்டு பக்கமும் ஆக்ஸில்ல மாட்டற வளையம்) பாரு, நெறைய வண்டில ஒண்ணு நீளம் ஒண்ணு கட்டை, மாத்திப் போட்டா வீல் அப்படியே ஒரு பக்கம் தள்ளிடும். அது சரியா இருந்தா பேரிங்க பாரு. ஒரு பக்க பேரிங் ஹப்புக்குள்ள (வீலோட நடுப்பாகம்) படிக்கட்டு மாதிரி இருக்கற எடம் வரைக்கும் முழுசா உக்காரணும், அப்புறம் நடுவுல இருக்கற குழாய போட்டு, அடுத்த பேரிங் அந்தக் குழாய தொடுற வரைக்கும் அடிக்கணும். மொத பேரிங் 1 மில்லிமீட்டர் வெளிய நின்னாலும் வீலும் அவ்ளோ நகரும், உரசறதுக்கு அது தாராளமா போதும். குழாயயே போடாம விட்டவங்களயும் பாத்திருக்கேன், ஆக்ஸில் நட்ட டைட் பண்ணதுமே பேரிங் நெரிஞ்சு செத்துடும்.

வாஷர் போட்டா போல்ட்டுக்கு மரை புடிக்கிற நீளம் கொறையும். பிரேக்க தாங்கி நிக்கறதே அந்த ரெண்டு போல்ட்டுதான்பா.

அம்பத்தூர் நண்பர்: ஃபோர்க் (முன் வீல புடிச்சிருக்கற ரெண்டு காலு) ட்யூப் புதுசு போட்டேன், வீல் கையால சுத்தினாலே கனமா இருக்கு.

ஃபோர்க் அடில ஆக்ஸில கவ்விப் புடிக்கிற போல்ட்டு இருக்கற வண்டியா? அத லூஸ் பண்ணுங்க, ஆக்ஸில் நட்ட மட்டும் டைட் பண்ணுங்க, வண்டிய ஸ்டாண்ட்லேர்ந்து எறக்கி முன் பிரேக்க புடிச்சுக்கிட்டு ஹேண்டில நாலஞ்சு தடவ நல்லா அமுக்குங்க. ஃபோர்க் தானா அது எடத்துக்கு வந்துடும், அப்புறம் கவ்வுற போல்ட்ட டைட் பண்ணுங்க. ஆக்ஸில் கையாலயே வழுக்கிட்டு உள்ள போகணும், சுத்தியல் கேட்டா ஆக்ஸிலோ ஃபோர்க்கோ வளைஞ்சிருக்கு.

பெசன்ட் நகர்லேர்ந்து ஒரு சார்: புது பேட் போட்டதும் ஸ்ஸ்னு லேசா சத்தம். நார்மலா?

வீல சுழட்டி விட்டா ஒண்ணு ரெண்டு சுத்து ஓடுதா, அப்ப நார்மல் சார். முன் பிரேக்க தொடாம ரெண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டு டிஸ்க் மேல ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க (கைய வெச்சிடாதீங்க), சுர்ருன்னா பேட் விடல. உங்க ஏரியா உப்புக் காத்துக்கு காலிப்பர் நகர்ற பின்னு ரெண்டும் துரு புடிக்கும், காலிப்பர் நகர முடியாம ஒரு பேட் மட்டும் தேயும். சுத்தம் பண்ணி சிலிக்கான் கிரீஸ் போடுங்க, பேரிங்க்கு போடற சாதா கிரீஸ் ரப்பர ஊத வெச்சிடும். பிரேக் ஆயில் டப்பால மேல் கோட்ட தாண்டி நிரம்பியிருந்தாலும் பேட் டிஸ்க விடாம உரசும்.

இன்னொரு தம்பி: லீவர் ஹேண்டில் வரைக்கும் போகுது, ஏர் எடுக்கணுமாண்ணா (பிரேக் ஆயில்ல இருக்கற காத்த வெளிய விடறது)?

மொதல்ல பத்து பன்னெண்டு தடவ பம்ப் பண்ணி பாரு. பேட் மாத்தறப்ப பேட்ட தள்ளற பிஸ்டன உள்ள தள்ளியிருப்பாங்க, அது வெளிய வர்ற வரைக்கும் பிரேக்கே இருக்காது. ஒரு கடையில பம்ப் பண்ணாமலே வண்டிய என்கிட்ட குடுத்துட்டாங்க, கத்திப்பாரா எறக்கத்துல லீவர புடிச்சா கைல ஒண்ணுமே இல்ல, பின் பிரேக்லதான் ஷேர் ஆட்டோவ இடிக்காம நின்னேன். அன்னிலேர்ந்து கடை வாசல்லயே புடிச்சுப் பாக்காம வண்டிய நகத்தறதில்ல. பம்ப் பண்ணியும் பஞ்சு மாதிரி இருந்தா ஏர் எடு.

இன்னொருத்தர்: புது டிஸ்க் போட்டேன், பிரேக் புடிச்சா லீவர் உதறுது.

டிஸ்க கழட்டி ஹப் மேல துரு, பெயின்ட் இருந்தா சுத்தமா தேச்சு எடுங்க. போல்ட்ட வரிசையா டைட் பண்ணாம எதிரெதிரா பண்ணுங்க. டயல் கேஜ் (முள்ளு வெச்ச அளவு கருவி) வெச்சு டிஸ்க் சுத்தறப்ப பக்கவாட்டுல எவ்ளோ ஆடுதுன்னு பாருங்க, அளவு வண்டிக்கு வண்டி மாறும், 0.3 மில்லிமீட்டர தாண்டினா விடாதீங்க.

ஒரு தங்கச்சி: புதுப்பேட்டைல பழைய காலிப்பர் கெடைக்குது, வாங்கலாமாண்ணா?

அதே மாடலா இருந்தா வாங்கலாம்மா. போல்ட்டு ஓட்டை பொருந்துதுன்னு நம்பி வேற மாடலோடத வாங்கிடாத, உள்பக்கம் அளவு மாறலாம், மறுபடி வாஷர் கதைதான். பிஸ்டன வெளிய எடுத்து பாரு, துரு புள்ளி இருந்தா வேணாம், இல்லன்னா சீல் மட்டும் புதுசு போட்டுக்கோ.