வாயாடிக்கு ஆண்பால் என்ன?

கேள்வி: பெண்கள் ஆண்களைவிட அதிகம் பேசுகிறார்கள் என்பது அறிவியல்படி உண்மையா? என் மனைவி சரியான வாயாடி. நான் அளந்துதான் பேசுவேன்.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்த ‘வாயாடி’ என்ற சொல்லைச் சும்மா விட மனசு வரவில்லை. ஓயாமல் பேசும் ஆணை யாராவது வாயாடி என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவருக்கு நாவலர், சொல்லின் செல்வர் என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடையும் போர்த்துவோம். அதே வாய் பெண்ணுக்கு இருந்தால் வசவு.

சரி, அறிவியல். 2007இல் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் 396 மாணவர்களின் பேச்சை அவ்வப்போது பதிவு செய்து கணக்கிட்டார்கள். இரு பாலாரும் நாளொன்றுக்குச் சுமார் 16,000 சொற்கள். பெண்ணுக்கு 20,000, ஆணுக்கு 7,000 என்று ஊரெல்லாம் சுற்றிய கணக்கு அதோடு அடிபட்டது. 2025இல் இன்னும் பெரிய ஆய்வு வந்தது. அதில் 25 முதல் 64 வயது வரையுள்ள பெண்கள் சுமார் 3,000 சொற்கள் கூடுதலாகப் பேசுகிறார்கள். பிள்ளை வளர்ப்பது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். இருக்கலாம் என்ன, அதுதான். சாப்பிட்டியா, பல் தேச்சியா, ஹோம்வொர்க் முடிச்சியா என்று கேட்பதில் பாதியை நீங்கள் எடுத்துக்கொண்டால் உங்கள் வீட்டுக் கணக்கும் சமமாகிவிடும்.

அளந்து பேசுவது என்றதும் எனக்குச் சங்கப் புலவர் வெள்ளிவீதியார்தான் நினைவுக்கு வருவார். கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பால்போல என் அழகு எனக்கும் ஆகவில்லை, என் காதலனுக்கும் உதவவில்லை, பிரிவில் மேனி வெளிறும் பசலைதான் அதைத் தின்கிறது என்கிறாள் அவருடைய தலைவி. குறுந்தொகையின் 27ஆம் பாட்டு, ஐந்தே அடி! எழுதியவர் பெண்.

நம் இலக்கிய மேடைகளுக்கு வாருங்கள். இதை நான் பலமுறை எழுதிச் சண்டையும் வாங்கியிருக்கிறேன், மறுபடியும் எழுதுவேன். போன மாதம் ஒரு நூல் வெளியீட்டில் தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை என்று ஆறு ஆண்கள், ஒவ்வொருவரும் “இரண்டே நிமிடம்” என்று தொடங்கி அரைமணி நேரம் பேசினார்கள். நூலை எழுதிய அம்மாவுக்கு மைக் வந்தபோது இரவு ஒன்பதரை, பின்வரிசையில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அவர் நான்கு நிமிடத்தில் முடித்துக்கொண்டார். அடுத்த முறை ஏற்புரையை முதலில் வையுங்கள் என்று அமைப்பாளரிடம் சொன்னேன். அது மரபில்லை என்றார். நேற்று அவர்களுடைய அடுத்த அழைப்பிதழ் வந்தது. அதிலும் ஆறு ஆண்கள், அப்புறம் கடைசியில் ஒரு பெண்.