பட்டனை அமுக்கினால் சத்தம் வருகிறது, அது போதுமா?

கேள்வி: கார்பன் மோனாக்சைடு டிடெக்டர் வாங்கி மாட்டி எட்டு வருடம் ஆகிறது. மாதம் தவறாமல் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கிறேன், நன்றாகவே அலறுகிறது. இது போதுமா? காலிபரேஷன் (அளவைச் சரிபார்த்துத் திருத்துவது) செய்ய வேண்டும் என்கிறார்களே, அதை நாமே செய்யலாமா?

பதில்: போதாது. அந்தப் பட்டன் பார்ப்பது பேட்டரியையும் மின்சுற்றையும் பஸரையும்தான். கார்பன் மோனாக்சைடு என்ற அந்த நச்சு வாயு வந்தால் டிடெக்டருக்குத் தெரியுமா என்பதைப் பட்டன் சொல்லாது.

வீட்டு டிடெக்டர்களில் பெரும்பாலும் இருப்பது மின்வேதியியல் சென்சார். சின்னக் குப்பி போன்ற ஒன்றுக்குள் அமிலக் கரைசலும் மின்முனைகளும் இருக்கும். கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து கார்பன் டை ஆக்சைடாக மாறும்போது மெல்லிய மின்னோட்டம் பிறக்கும். வாயு கூடக் கூட மின்னோட்டமும் கூடும். வருடங்கள் போகப் போக இந்தச் சென்சார் சோர்ந்துவிடும். பெயின்ட், தின்னர், சிலிக்கோன் ஆவி பட்டால் இன்னும் சீக்கிரம் கெடும். பஸருக்கு இதெல்லாம் தெரியாது.

என்னுடைய பழைய டிடெக்டரைக் கழற்றியபோது அதையும் புதிதாக வாங்கியதையும் ஒரே பிளாஸ்டிக் பையில் வைத்து, இதற்கென்றே விற்கும் டெஸ்ட் கேஸைக் கேனிலிருந்து உள்ளே செலுத்திக் கட்டிவைத்தேன். சில நிமிடங்களில் புதியது கத்த ஆரம்பித்தது. பழையது பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா இருந்தது. பையை அவிழ்த்து அதன் பட்டனை அமுக்கினேன், காது கிழிய அலறியது! அத்தனை நாள் அதை நம்பித்தான் வீட்டில் எல்லோரும் தூங்கினோம். இன்று நினைத்தாலும் பதறுகிறது.

காலிபரேஷன் விஷயத்துக்கு வருவோம். வீட்டு அலாரங்களைத் தொழிற்சாலையிலேயே அளவு திருத்தி மூடிவிடுகிறார்கள், நாம் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. திறக்காதீர்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் தேதியைப் பாருங்கள். மாடலைப் பொறுத்து ஆயுள் 5 முதல் 10 வருடம். அது முடிந்திருந்தால் சோதனையே தேவையில்லை, மாற்றிவிடுங்கள். முடியவில்லை என்றால் உங்கள் மாடலுக்கு ஏற்ற டெஸ்ட் கேஸை வாங்கி, கையேட்டில் சொன்னபடி, ஜன்னலைத் திறந்து வைத்துச் சோதியுங்கள். கார் புகை, கரி அடுப்பு என்று குறுக்கு வழி மட்டும் வேண்டவே வேண்டாம். எத்தனை பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு வாயு என்ற அளவு) வருகிறது என்று தெரியாத புகையால் டிடெக்டரைச் சோதிக்க முடியாது, பக்கத்தில் நிற்கும் நீங்கள்தான் அதைச் சுவாசிப்பீர்கள்.

கேள்வி: திரையில் 40 பிபிஎம் காட்டியது, அலாரம் அடிக்கவில்லை. பழுதான பொருளைத் தந்துவிட்டார்களா?

பதில்: பழுது என்று சொல்ல முடியாது. இந்த அலாரங்கள் அளவையும் நேரத்தையும் சேர்த்தே கணக்கிடும். அமெரிக்கத் தரமான யுஎல் 2034-ன்படி 70 பிபிஎம் என்றால் 60 முதல் 240 நிமிடத்துக்குள்ளும், 400 பிபிஎம் என்றால் 4 முதல் 15 நிமிடத்துக்குள்ளும் அடிக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான இஎன் 50291-ல் 50 பிபிஎம்முக்கு 60 முதல் 90 நிமிடம், 300 பிபிஎம்முக்கு 3 நிமிடத்துக்குள். வாங்கும்போது இவற்றில் எந்த முத்திரை இருக்கிறது என்று பாருங்கள், இரண்டும் இல்லாததை நான் வாங்க மாட்டேன்.

அதற்காக 40-ஐ அலட்சியம் செய்யாதீர்கள். வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ இதய நோயாளியோ இருந்தால் இன்னும் கவனம் தேவை. அடுப்பு, ஹீட்டர், ஜெனரேட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, காற்றோட்டம் செய்து, எங்கிருந்து வருகிறது என்று ஆள் வைத்துப் பாருங்கள். அலாரமே அடித்துவிட்டால் இப்படி ஆராய்ந்துகொண்டு நிற்க வேண்டாம். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், அங்கிருந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: தொழில் தேவைக்காக இந்த வாயுவை அளக்கும் பழைய கையடக்க மீட்டர் ஒன்றை வாங்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இதற்குத்தான் காலிபரேஷன் உண்டு. தராசை எடைக்கல் வைத்துச் சரிபார்ப்பது போல, அளவு தெரிந்த வாயுவை, உதாரணமாக 100 பிபிஎம் சிலிண்டரை, மீட்டரில் செலுத்தி எண்ணைப் பொருத்துவார்கள். அதற்கு முன் சுத்தமான காற்றில் பூஜ்ஜியம் வைக்க வேண்டும். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். எரியும் அடுப்புக்குப் பக்கத்தில், காற்றில் 15 பிபிஎம் இருக்கும்போது பூஜ்ஜியம் வைத்தால், அப்புறம் 50 இருக்கும் இடத்தில் மீட்டர் 35 என்று காட்டும். வெளியே திறந்தவெளிக்குப் போய் வையுங்கள்.

விற்பவரிடம் கடைசியாகக் காலிபரேட் செய்த சான்றிதழையும் சென்சார் மாற்றிய தேதியையும் கேளுங்கள். அந்த மாடலுக்குச் சென்சார் இன்னும் கிடைக்கிறதா என்றும் விசாரியுங்கள், கிடைக்காவிட்டால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு, வேலைக்கு எடுத்துப் போகும் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வாயு காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இதை பம்ப் டெஸ்ட் (bump test) என்பார்கள். முழுக் காலிபரேஷனுக்குக் கையேட்டில் சொன்ன இடைவெளி போதும். சிலிண்டருக்கும் காலாவதித் தேதி உண்டு, மறந்துவிடாதீர்கள்.